ஒரு காய், இரண்டு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் உப்பு

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, பொரியலுக்குக் காய், எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், உப்பு இவ்வளவு போதும், மசாலா டப்பாக்களை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள், பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் காய்கறிக்கே.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு குக்கர், அவ்வளவுதான் இருக்கிறது. வீடியோ பார்த்துச் சமைக்கலாம் என்றால் பொருள் பட்டியலைப் படித்தே களைத்துப் போகிறோம். எதிலிருந்து தொடங்குவது?
— ஐ.டி. ஊழியர், பெருங்குடி

பதில்: முட்டைக்கோஸில் தொடங்குங்கள் தம்பி. வருஷம் முழுக்கக் கிடைக்கும், விலை கையைக் கடிக்காது, பத்து நிமிஷத்தில் வெந்துவிடும், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சாப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். நாலு பேருக்கு அரைக் கிலோ. எவ்வளவு மெல்லிசாக நறுக்க முடியுமோ அவ்வளவு மெல்லிசாக, ஒரே அளவாக நறுக்குங்கள், ஏனென்றால் தடித்த துண்டு வேகிற நேரத்துக்குள் மெல்லிய துண்டு குழைந்துவிடும், அப்புறம் எந்தத் துண்டைப் பார்த்து அடுப்பை அணைப்பது என்று தெரியாது.

வாணலி காய்ந்ததும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, முதலில் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அது சும்மா கிடந்தால் எண்ணெய் இன்னும் காயவில்லை. போட்டவுடன் சுற்றிலும் நுரை கட்டிப் படக்கென்று வெடித்தால் மிச்சக் கடுகைப் போடலாம். கடுகுக்குள் இருக்கிற துளி ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கிற சத்தம்தான் அது. வெடிக்காத கடுகு பல்லில் பட்டால் கசக்கும், அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சத்தம் அடங்கத் தொடங்கும்போது ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு. இண்டக்‌ஷன் அடுப்பில் வாணலியின் நடுப்பகுதி மட்டும் சட்டென்று சூடேறும், கண் மூடித் திறப்பதற்குள் பருப்பு கருகிவிடும், ஆகவே பருப்பைப் போடுவதற்கு முன்பே சூட்டைக் குறைத்துவிடுங்கள். பருப்பு இளஞ்சிவப்பாக மாறி ஒரு வறுத்த வாசனை வரும். அப்போது இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை இருந்தால் அதையும் போட்டு, உடனே கோஸைக் கொட்டிவிடுங்கள். அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பு.

தண்ணீர் ஊற்றாதீர்கள். கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், உப்பு பட்டதும் அது தானாக வெளியே வரும், அந்தத் தண்ணீரிலேயே வெந்து அந்தத் தண்ணீர் வற்றும்போது பொரியல் முடிந்தது என்று அர்த்தம். மூடவும் வேண்டாம். ஹாஸ்டலில் கோஸ் என்றாலே ஒரு நாற்றம் நினைவுக்கு வருமே, அது கோஸின் குற்றமே இல்லை, அதிக நேரம் மூடி வேகவைப்பதால் அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் பிரிந்து வருகிற வாசனை அது. ஏழெட்டு நிமிஷத்தில் இறக்கினால் கோஸ் இனிக்கும். சர்க்கரை போட்டீர்களா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். தேங்காய் இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள், இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

இதே தாளிப்பில் அடுத்து பீன்ஸ், அப்புறம் கேரட், அப்புறம் கோவைக்காய், சுரைக்காய் என்று போய்க்கொண்டே இருங்கள். தாளிப்பு மாறவில்லை, ஆனால் தட்டில் விழுகிற ருசி ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கும். காய்க்குக் காய் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும், எனக்குச் சமையலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

கேள்வி: வெண்டைக்காய் எப்போது செய்தாலும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. என்ன செய்வது?
— இல்லத்தரசி, குரோம்பேட்டை

பதில்: ஈரம்தான் காரணம். அந்தக் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து இழுபடுகிற பொருள். கழுவியதும் துணியில் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, கத்தியும் பலகையும்கூட உலர்ந்திருக்கும்படி பார்த்து நறுக்குங்கள். வாணலி அகலமாக இருக்கட்டும். மூடாதீர்கள், அடிக்கடி கிளறாதீர்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள், ஏனென்றால் உப்பு முதலிலேயே விழுந்தால் காயிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். அதற்கு மேலும் நூல் இழுத்தால் ஒரு ஸ்பூன் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ தெளியுங்கள், புளிப்பு பட்டால் அடங்கிவிடும். வாங்கும்போதே நுனியைக் கிள்ளிப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி மசாலா இல்லாமல் செய்தேன். "சப்பென்று இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி" என்று என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டார். நீங்களே சொல்லுங்கள், இப்போது என்ன செய்ய?
— வாசகி, அம்பத்தூர்

பதில்: அவர் தட்டைத் தள்ளியதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். குறைந்த பொருளில் சமைக்கும்போது ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடிகட்டி, அப்புறம் தாளித்துக் கொட்டினால் எந்தக் காயும் சப்பென்றுதான் இருக்கும், ருசியெல்லாம் அந்தத் தண்ணீரோடு சிங்க்கில் போய்விட்டதே. உங்கள் கடிதத்தில் அவரைக்காயைக் குக்கரில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். குக்கரை விட்டுவிடுங்கள். தாளித்த வாணலியிலேயே காயைப் போட்டு, இரண்டு நிமிஷம் எண்ணெயில் புரட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு, கை நனைகிற அளவு தண்ணீர் தெளித்து, தீயைக் குறைத்து வேகவிடுங்கள். பாதி வெந்தபோதே உப்பு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். வெண்டைக்காய் தவிர மற்றக் காய்களில் கடைசியில் போட்ட உப்பு மேலே உப்பாகவும் உள்ளே உப்பில்லாமலும் இருக்கும், நாக்கு அதைத்தான் சப்பென்று சொல்கிறது. அதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. இருக்கிற உப்பைச் சரியான நேரத்தில் போடுங்கள்.

அவருக்குக் காரம் பிடிக்கும் என்றால் காரத்தை மாற்றிப் பாருங்கள். பச்சை மிளகாயின் காரம் வேறு, காய்ந்த மிளகாயின் காரம் வேறு, மிளகின் காரம் தொண்டையில் தங்கும். கோஸுக்கும் சுரைக்காய்க்கும் பச்சை மிளகாய், அவரைக்கும் கொத்தவரங்காய்க்கும் காய்ந்த மிளகாய், வாழைக்காய்க்கு மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டது. இதில் எதையும் இன்னொன்றோடு கலக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் கணவரை முதலில் உருளைக்கிழங்கில் பிடியுங்கள். தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, முழுவதுமாக ஆற விட்டு (ஆறினால்தான் உள்ளே இருக்கிற மாவு இறுகும், சூடாக வறுத்தால் மசிந்து ஒட்டிக்கொள்ளும்), தோலுரித்துத் துண்டு போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு மூன்றை மட்டும் பிசிறி, இரும்பு வாணலியில் நாலு ஸ்பூன் எண்ணெயில் சின்னத் தீயில் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் முறுகிய பிறகுதான் திருப்ப வேண்டும். இருபது நிமிஷம் ஆகும். எண்ணெயையும் சேர்த்து ஐந்தே பொருள்தான் என்று சாப்பிட்டு முடித்த பிறகு அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பீன்ஸ் பச்சையாக இருக்க ஆப்ப சோடா போடலாமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: வேண்டாம். நிறம் நிற்கும், ஆனால் காய் குழைந்து வழுவழுக்கும், வைட்டமின்களும் கெடும். பீன்ஸில் இருக்கிற அமிலம்தான் வேகும்போது பச்சையைப் பழுப்பாக்குகிறது. மூடாமல் வேகவைத்தால் அந்த அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். கீரைக்கும் இதே வழிதான்.

கேள்வி: மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆளுக்கு எதைச் சமைப்பது, எவ்வளவு சமைப்பது என்றே பிடிபடவில்லை.
— ஓய்வுபெற்றவர், மயிலாப்பூர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது நாலு பேருக்குச் சமைப்பதைவிடக் கஷ்டம், கேட்கவும் ஆளில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. ஆனாலும் நீங்கள் சமைத்துச் சாப்பிட முடியும், அதுவும் ருசியாக.

முதல் காரியம், மாட வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு வாங்கி ஃபிரிஜ்ஜில் அடுக்க வேண்டாம். காலையில் நடந்துவிட்டு வரும்போது அன்றைக்கு ஒரே ஒரு காய், நூற்றைம்பது கிராம். அவ்வளவு சின்ன அளவு கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் தினமும் ஒரே கடையில் வாங்கினால் கடைக்கார அம்மாவே "இன்னிக்கு அவரை நல்லா இருக்குய்யா" என்று எடுத்து வைத்துவிடுவார். ஒரு நாளைக்குப் பழமும் காயுமாகச் சேர்த்து 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறார்கள். காலையில் ஒரு வாழைப்பழம், மதியம் இந்தக் காய், இரவுக்குக் கொஞ்சம் கீரை என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கீரைதான் உங்களுக்கு நான் முதலில் சொல்வது. அரைக்கீரை ஒரு கட்டு வாங்கினால் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. நாளைய பாதியைக் கழுவாமல் ஈரமில்லாத துணியிலோ பேப்பரிலோ சுற்றி வையுங்கள். இன்றைய பாதியை ஆய்ந்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதில் அலசுங்கள், கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும், பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரை மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரைக்கும் தண்ணீர் மாற்றுங்கள். சின்னப் பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர், இரண்டு பல் பூண்டு, கால் ஸ்பூன் சீரகம், கீரை. மூடாமல் ஆறேழு நிமிஷம். உப்பு போட்டு மத்தால் கடையுங்கள், மிக்ஸியில் போட்டால் பசை மாதிரி ஆகிவிடும், மத்தில் கடைந்தால் அங்கங்கே இலை தட்டுப்படும், அதுதான் ருசி. தாளிக்க வெங்காய வடகம் ஒரு துண்டு இருந்தால் வேறெதுவுமே வேண்டாம். சூடான சாதம், கீரை, அரை ஸ்பூன் நல்லெண்ணெய். (இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறவராக இருந்தால் கீரையின் அளவை மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

பல் சிரமமென்றால் பரங்கிக்காய், சுரைக்காய், சௌசௌ, இவையெல்லாம் வாயில் போட்டால் கரையும். பரங்கியைத் தோலோடு துண்டு போட்டு, தாளித்து, உப்பு, ஒரு மிளகாய், தெளித்த தண்ணீர் என்று வேகவைத்தால் அதுவே ஒரு இனிப்பும் காரமுமான கறி. நறுக்குவதை நின்றுகொண்டு செய்யாதீர்கள், மேஜையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யுங்கள். குழம்பு, ரசம், கறி என்று மூன்றும் தினமும் வேண்டாம். ரசத்தை இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டு காயை மட்டும் புதிதாகச் செய்யுங்கள்.

உங்கள் மனைவி செய்ததில் எந்தக் காய் உங்களுக்குப் பிடித்தது? அதை எழுதவில்லை நீங்கள். அதைச் செய்து பாருங்கள். அளவு தெரியாவிட்டாலும் ருசி உங்களுக்குத் தெரியும், நாலைந்து தடவையில் கிட்டத்தட்ட அங்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: திவசத்துக்கு என் பாட்டி கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதையும் சேர்ப்பதில்லை, மிளகாயும் கிடையாது. "இங்கிலீஷ் காய்" என்கிறார். எதெல்லாம் நாட்டுக்காய்?
— கல்லூரி மாணவி, நங்கநல்லூர்

பதில்: கத்தரி, அவரை, கொத்தவரை, வாழைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, புடலை, பாகல், சுரை, பீர்க்கு, வெண்பூசணி, முருங்கை, சேனை, சேம்பு, மாங்காய், சுண்டைக்காய், இதெல்லாம் நம் ஊரில் நெடுங்காலமாக நாட்டுக்காயாகப் புழங்குகிறவை. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாய் போர்ச்சுகீசியர்கள் வழியாகப் 16-ம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது. கோஸ், கேரட், பீட்ரூட் போன்றவை நம் பக்கம் பரவியதில் நீலகிரிக்குப் பெரிய பங்கு உண்டு, 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிடத் தொடங்கினார். இன்றைக்கும் கோயம்பேட்டுக்கு வருகிற கேரட்டில் ஊட்டி கேரட்டுக்குத் தனி மரியாதை.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தச் சமையலில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மிளகாய் இல்லை, தக்காளி இல்லை. இத்தனையும் கழித்த பிறகும் இலையில் விழுகிற வாழைக்காய்க் கறியை, மிளகும் சீரகமும் தேங்காயும் மட்டும் சேர்ந்த அந்தக் கறியை, எல்லோரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறார்கள் இல்லையா? அதைப் பாட்டி எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மிளகை எவ்வளவு பொடிக்கிறார், வாழைக்காயை எந்தப் பதத்தில் இறக்குகிறார், எண்ணெய் எப்போது விடுகிறார். பாட்டியிடம் அளவு கேட்டால் "கையளவு" என்பார், ஆகவே அந்தக் கையை ஒரு தட்டின் மேல் பிடிக்கச் சொல்லி ஸ்பூனில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போவதும் நீங்களாகவே இருங்கள். மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது 1996-ல், ஆனால் வீட்டுக்கு வாங்க நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், தள்ளுவண்டியிலேயே நாட்டுக்காய் நன்றாகக் கிடைக்கும். அவரையில் விதை புடைத்திருந்தால் முற்றல். சுரைக்காயில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். முருங்கையை லேசாக முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுத்தால் பிஞ்சு. கத்தரிக்குத் தோல் பளபளக்க வேண்டும், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்து முள் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், புவிசார் குறியீடு பெற்ற காய் அது, எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வதக்கினாலே வெண்ணெயாகக் கரையும்.

கேள்வி: வெங்காயம், பூண்டு, சாம்பார் பொடி எதுவும் இல்லாமல் ஒரு கூட்டு சொல்லுங்கள். புரட்டாசி முழுக்கச் செய்கிற மாதிரி.
— வாசகி, தாம்பரம்

பதில்: புடலங்காய்ப் பொரிச்ச கூட்டு. கால் கிலோ புடலையை எடுத்து, கத்தி முதுகால் மேலே இருக்கிற வெள்ளைப் பூச்சைச் சுரண்டிவிட்டு, நீளவாக்கில் பிளந்து உள்ளே இருக்கிற பஞ்சையும் விதையையும் வழித்து எடுங்கள் (அதைத் தூக்கிப் போடாதீர்கள், பிஞ்சாக இருந்தால் உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கித் துவையல் அரைக்கலாம்). கால் டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள் போட்டுக் குழையாமல், விரலால் நசுக்கினால் நசுங்குகிற பதத்தில் வேகவைத்துக்கொள்ளுங்கள். அரைக்கிற சாமான் கொஞ்சம்தான்: ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, அரை ஸ்பூன் மிளகு, ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் துளி எண்ணெயில் வறுத்து, அரை ஸ்பூன் சீரகத்தையும் மூன்று ஸ்பூன் தேங்காயையும் வறுக்காமல் பச்சையாகச் சேர்த்து அரைக்க வேண்டும்.

புடலையை உப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு வேகவைத்தால், துண்டுகள் வெள்ளையாக இருந்து மெல்ல மெல்லக் கண்ணாடி மாதிரி மாறும். அந்த நேரத்தில் பருப்பும் விழுதும் சேர்த்து, ஒரே ஒரு கொதி. அதற்கு மேல் கொதித்தால் தேங்காய் வாசனை போய்விடும். தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி மூடி வையுங்கள், இந்த ஒரு இடத்தில் மட்டும் மூடி வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் மிளகும் சீரகமும் தேங்காயும் தனித்தனியாக மணக்கும், புடலையின் அந்த லேசான பச்சை வாசனையும் கூடவே வரும். வெங்காயம் போட்டிருந்தால் அது வந்திருக்காது. மாதம் முழுக்க வேண்டும் என்கிறீர்கள், புடலைக்குப் பதிலாகச் சௌசௌ, கோஸ், பீர்க்கங்காய், அவரை என்று மாற்றிக்கொண்டே போங்கள், விழுது இதேதான்.

கேள்வி: சேனைக்கிழங்குக் குழம்பில் கிழங்கு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் நிற்கிறது. பருப்பும் சரியாக வேகுவதில்லை. அடுப்பு சரியில்லையா?
— புதுக் குடித்தனக்காரர், மேடவாக்கம்

பதில்: அடுப்பு மேல் தப்பில்லை. புளி முதலில் விழுந்தால் எந்தக் காயும் அதற்கு மேல் மெத்தென்று ஆகாது, புளிப்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிழங்கை நன்றாக வேகவைத்த பிறகுதான் புளித்தண்ணீர் சேர்க்க வேண்டும். சேனை அரிக்கும் என்று பயந்து முதலிலேயே புளி விடுவார்கள், வேகவைக்கிற தண்ணீரில் கொஞ்சமாக ஒரு கோலி அளவு போதும், மிச்சத்தை அப்புறம் விடுங்கள். பருப்பு வேகாததற்கு உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சந்தேகப்படுகிறேன். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் இருக்கிற கால்சியம் பருப்பையும் காயையும் இறுக்கும். பருப்புக்கும் கிழங்குக்கும் மட்டும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள்.

கேள்வி: மே மாதத்தில் மதிய டப்பாவுக்குக் கொடுத்த பொரியல் பன்னிரண்டு மணிக்கே கெட்டுப் போகிறது.
— வேலைக்குப் போகும் அம்மா, வேளச்சேரி

பதில்: தேங்காயை நிறுத்துங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது முதலில் கெடுவது அதுதான். அதற்குப் பதில் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவலாம். தண்ணீர் நிற்கிற காய் வேண்டாம், கோவைக்காய், வாழைக்காய், கொத்தவரை, வெண்டை என்று நன்றாகச் சுருள வதக்குகிற காயாக எடுங்கள். அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி மேலேயே விழும்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் அன்றாடத்துக்குச் சரி. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வெறும் பொரியலையும் கூட்டையும் வைக்க முடியுமா? கஞ்சத்தனம் என்று நினைக்க மாட்டார்களா?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: நினைக்க மாட்டார்கள். இப்போது எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் பனீர், ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், இல்லாவிட்டால் ஆர்டர் செய்த பிரியாணி. அதையே சாப்பிட்டுச் சலித்து வருகிறவர்களுக்குப் பிஞ்சு அவரைக்காயை அப்போதுதான் வதக்கிச் சூடாகப் போட்டால், அதைப் பற்றித்தான் நாலு பேரிடம் சொல்வார்கள். நம் கல்யாணப் பந்தியிலேயே பாருங்கள், இத்தனை பதார்த்தங்களுக்கு நடுவில் ஒரு எளிய பொரியலும் ஒரு கூட்டும் இல்லாமல் இலை நிறையாது. விருந்தாளிக்கு மரியாதை என்பது நல்ல காயாகத் தேடி வாங்குவதிலும், அதைச் சரியாகச் செய்வதிலும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், இதில் யாரோடும் வாதாடத் தயார்.

உங்கள் வீட்டுக்கு ஆறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வைப்பது இது: எலுமிச்சை ரசம், புடலங்காய்ப் பொரிச்ச கூட்டு (மேலே சொன்ன அளவில் இரண்டு மடங்கு), உருளைக்கிழங்கு ரோஸ்ட், பிஞ்சு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கித் தயிரில் போட்டுக் கடுகும் பச்சை மிளகாயும் தாளித்த பச்சடி, அப்புறம் அவரைக்காய்ப் பொரியல். கூட்டைக் காலையிலேயே செய்து வைக்கலாம். உருளையை முன்தினமே வேகவைத்து ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள், இன்னும் நன்றாக முறுகும். பச்சடிக்குத் தயிரையும் உப்பையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் சேருங்கள், முன்கூட்டியே சேர்த்தால் வெள்ளரி தண்ணீர் விட்டு நீர்த்துவிடும். அவரையை நறுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, அவர்கள் வந்து தண்ணீர் குடித்துப் பேச உட்கார்ந்த பிறகு அடுப்பில் போடுங்கள், கடுகு வெடிக்கிற சத்தமும் அந்த வாசனையும் ஹாலுக்கு வரட்டும். அப்பளத்தை இலை போட்ட பிறகுதான் பொரிக்க வேண்டும்.